மூடியைத் திறக்கச் சொன்னீர்களா?

பழம்பொருள் கடையில் பாக்கெட் கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் நம் கண் போவது மின்னும் கூட்டின் மீதுதான். அங்கேதான் நானும் ஏமாந்தேன்.

அமெரிக்காவின் வால்தம், எல்ஜின் நிறுவனங்கள் அக்காலத்தில் பெரும்பாலும் உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டுமே செய்து விற்றன. கூடு வேறொருவர் செய்தது. வாங்குபவரின் வசதிக்கேற்ப நகைக்கடையில் பொருத்தினார்கள். ஆகவே கூட்டிலுள்ள எண் வயதைச் சொல்லாது. கடைக்காரரையே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். இயந்திரத் தகட்டில் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். இரண்டையும் அங்கேயே நின்று கைத்தொலைபேசியில் தேடுங்கள். வால்தம் எண் ஒரு கோடியை ஒட்டியிருந்தால், அது ஏறக்குறைய 1900-இல் செய்தது. ‘1870-ஆம் ஆண்டுச் சரக்கு’ என்று அவர் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பார்த்த நான் தவறியது வேறோர் இடத்தில். கூட்டின் உட்புறம் ‘20 ஆண்டு உத்தரவாதம்’ என்று பொறித்திருந்தது. தரச்சான்று என மகிழ்ந்து தங்க விலை கொடுத்தேன். மேலே போர்த்திய தங்கத் தகடு தேயாமல் தாங்கும் காலமாம் அது! நடுவில் இருப்பது மலிவான உலோகம். முழுத் தங்கத்திற்குக் கெடு எதற்கு? இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

கடிகாரம் இன்றும் என் மேசையில் ஓடுகிறது, நாளுக்கு நான்கு நிமிடம் பிந்தி.