மனிதவள வணிகப் பங்காளர்

மனிதவள வணிகப் பங்காளர் என்பவர், ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட பிரிவு அல்லது ஆலையின் தலைமையுடன் இணைந்து, அதன் தொழில் இலக்குகளுக்கும் அங்கு பணிபுரிவோரின் தேவைகளுக்கும் பொருந்தத் திட்டமிடும் மனிதவள அலுவலர் ஆவார். சம்பளப் பட்டியல், விடுப்புப் பதிவு போன்ற அன்றாட வேலைகள் இவருடைய முதன்மைப் பணி அல்ல. இப்பதவிப்பெயர் 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. எனினும் இப்பணியின் ஒரு பகுதியை இந்தியத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் அதற்கு முன்பே செய்து வந்தார். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைத் தொழிற்பட்டையைக் கொண்டு இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளலாம்.

கருத்துருவின் தோற்றம்

அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிக் 1997 இல் வெளியான தம் நூலில் மனிதவளத் துறைக்கு நான்கு பங்குகளை வகுத்தார். அவை உத்திப் பங்காளர், மாற்றத்தின் முகவர், நிர்வாக வல்லுநர், ஊழியர் ஆதரவாளர் என்பன. இதனையொட்டிப் பல பெரிய நிறுவனங்கள் மனிதவளத் துறையை மூன்றாகப் பிரித்தன. பொதுச் சேவை மையம் அன்றாடப் பணிகளைச் செய்யும். வல்லுநர் குழு ஊதியம், பயிற்சி போன்றவற்றின் கொள்கைகளை வகுக்கும். வணிகப் பங்காளர் ஒவ்வொரு பிரிவிலும் இருந்து, அங்குள்ள தேவைகளுக்கேற்ப அவ்விரண்டையும் பயன்படுத்துவார்.

வடசென்னைப் பின்னணி

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் அதை வழிநடத்தினர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரே அதன் முதன்மை உறுப்பினர். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத் தடையாணை பெற்றது. இவ்வழக்கு, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்தியது. 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1931 இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 49, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. அசோக் லேலண்ட், என்பீல்டு, எம்.ஆர்.எப். போன்ற ஆலைகள் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தது இச்சட்டத்தின் காலத்திலேயே ஆகும்.

இச்சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் நல அலுவலருக்கான வரம்பு 250 தொழிலாளர் ஆகும். நல அலுவலர் என்பது சட்டம் விதிக்கும் பதவி. வணிகப் பங்காளர் என்பதோ நிறுவனம் தானாக ஏற்படுத்திக்கொள்ளும் பதவி.

பணிகள்

- எதிர்காலத்தில் எத்தனை பேர், எத்தகைய திறனுடன் தேவைப்படுவர் என மதிப்பிடுதல்
- புதிய இயந்திரம் அல்லது உற்பத்தி முறை வரும்போது மறுபயிற்சிக்குத் திட்டமிடுதல்
- மேலாளர்களுக்குப் பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை பற்றி அறிவுரை வழங்குதல்
- தொழிற்சங்கத்துடனான பேச்சுவார்த்தைக்குத் தரவுகளைத் திரட்டுதல்
- ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியமும் வசதிகளும் சட்டப்படி உள்ளனவா எனக் கவனித்தல்

எடுத்துக்காட்டாக, திருவொற்றியூரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனம் 2013 இல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் திறந்தது. இரண்டிற்கும் இடையே 50 கி.மீ.க்கும் அதிகமான தொலைவு உள்ளது. இத்தகைய விரிவாக்கத்தை நிதித்துறை நிலம், இயந்திரம் ஆகியவற்றின் செலவாகக் கணக்கிடும். வணிகப் பங்காளர் வேறு சில வினாக்களை எழுப்ப வேண்டும். யார் இடம் மாறுவர்? அதிகாலை முறைக்கு அவர்கள் எப்படி வந்து சேர்வர்? பணிமூப்பு எவ்வாறு கணக்கிடப்படும்? பழைய ஆலையில் எஞ்சுவோரின் வேலைக்கு என்ன உறுதி? இவற்றுக்கு முன்கூட்டியே விடை காணாவிட்டால், திட்டத்தின் மீதி கணக்குகள் சரியாக இருந்தும் உற்பத்தி தடைப்படலாம்.

தகுதிகள்

பொதுவாக மனிதவள மேலாண்மை, சமூகப்பணி அல்லது தொழிலாளர் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. சென்னையில் 1952 இல் நிறுவப்பட்ட சென்னை சமூகப்பணிப் பள்ளியும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் இத்துறையில் கல்வி அளிப்பவை. சில ஆண்டுகள் ஆலைப் பணி அனுபவமும் கேட்கப்படுவது வழக்கம்.

சட்ட அறிவு இன்றியமையாதது. தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020 இன்படி, பணிமுறை நேரம் போன்ற பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தேவை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்க் குழு அமைக்கப்பட வேண்டும். ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசின் முன் அனுமதி பெறுவதற்கான வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கும் திறனும், தொழிலாளர் பேசும் மொழியில் உரையாடும் திறனும் வேண்டும். வடசென்னையைப் பொறுத்தவரை தமிழுடன் இந்தி அறிந்திருப்பதும் பயன்படும். வட மாநிலங்களிலிருந்து வந்தோரும் இங்கு பணிபுரிகின்றனர்.

இரட்டைப் பொறுப்பு

இப்பதவியின் அடிப்படைச் சிக்கல், நிர்வாகத்திடம் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் பக்கத்தையும் எடுத்துரைக்க வேண்டும் என்பதாகும். பல மாநிலங்களின் நல அலுவலர் விதிகள் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டன. தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் நல அலுவலர் தீர்ப்பாயங்களில் வாதிடக் கூடாது என அவை தடுத்தன. நல அலுவலரைப் பணிநீக்கம் செய்தால் அவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற பஞ்சாப் விதி தொடர்பான அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

வணிகப் பங்காளருக்கு இத்தகைய தனிப்பாதுகாப்பு எதுவும் இல்லை. நிர்வாகத்துடனான நெருக்கம் கூடும்போது ஊழியர் ஆதரவாளர் என்ற பங்கு தேய்ந்துவிடுகிறது என்பது இம்முறை மீதான முதன்மையான விமர்சனம் ஆகும். மனக்குறைகளை அறியாத நிர்வாகம் சரியான முடிவெடுக்க இயலாது; ஆகவே நெருக்கம் தொழிலாளருக்கும் பயன் தரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். நம்பிக்கையை இழந்த அலுவலரிடம் தொழிலாளர் குறைகளைச் சொல்வதில்லை. அந்நிலையில் நிர்வாகத்துக்கும் அவரால் பயன் குறைகிறது.

இவற்றையும் பார்க்க: தொழிற்சங்கம், கூட்டுப் பேரம், மனிதவள மேலாண்மை