டிரெய்லர் கிடைச்சாலும், அது உங்களோடதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?

டிராக்டர் பராமரிப்பு எபிசோடுக்கு அப்புறம் பல பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "களத்துல நிறுத்தின டிரெய்லர் திருடு போனா திரும்பக் கிடைக்குமா?" இன்னைக்கு அதைப் பத்திப் பேசுறேன்.

டிராக்டருக்கு என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புத்தகம் எல்லாம் இருக்கு. டிரெய்லர் கதை வேற. சட்டப்படி அதுக்கும் தனிப் பதிவு வேணும். ஆனா நம்ம ஊர்ல பல டிரெய்லர்கள் பக்கத்து டவுன் பட்டறையில வெல்டிங் வெச்சு செஞ்சவை. பில்லும் இருக்காது, நம்பரும் இருக்காது. திருடறவனுக்குச் சாவியே தேவையில்லை. ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து, கொக்கியில பின்னைப் போட்டு இழுத்துட்டுப் போயிடலாம். பகல்ல போனாக்கூட யாரும் நிறுத்திக் கேக்கமாட்டாங்க.

ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் இதே நிலைமைதான். கம்பெனி நம்பர் ஒரு சின்னத் தகட்டுல இருக்கும். அதைப் பேர்த்துட்டு ஒரு கோட் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது.

அதனால, பொருளைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். போலீஸ் நாலு டிரெய்லரைப் பிடிச்சு நிறுத்தி "உங்களோடது எது?"ன்னு கேட்டா, "பச்சை கலர், ஓரம் நசுங்கியிருக்கும்"னு சொன்னா பத்தாது. அதே டிரெய்லரை இன்னொருத்தரும் தன்னோடதுன்னு சொல்லலாம்.

என்ன செய்யலாம்? மூணு விஷயம் சொல்றேன். பட்டறைக்காரர்கிட்ட தேதி போட்டு ஒரு பில் வாங்கிடுங்க. அச்சுலயும், வெளியே தெரியாத இன்னொரு இடத்துலயும் உங்க டிராக்டர் நம்பரைப் பஞ்ச் அடிச்சு வைங்க. பெயின்ட்ல எழுதினா அழிச்சிடுவாங்க. அந்த நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, வீட்டுல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க.

திருடு போயிட்டா, சி.எஸ்.ஆர். ரசீதோட நின்னுடாதீங்க, எஃப்.ஐ.ஆர். கேளுங்க. பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவுப்படி அதோட நகலை இலவசமாத் தரணும். பதிய மறுத்தா, புகாரை எழுதி எஸ்.பி.-க்குத் தபால்ல அனுப்பலாம். அதுக்கும் பலன் இல்லைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம்.

பொருள் கிடைச்சிருச்சுன்னா, கேஸ் முடியுற வரைக்கும் அது ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிக்கணும்னு அவசியமில்லை. கைப்பற்றின வாகனங்களை ஸ்டேஷன்ல நீண்ட நாள் நிறுத்தி வைக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சொல்லியிருக்கு. இப்போ பி.என்.எஸ்.எஸ். 497, 503 பிரிவுகள்ல மனு போட்டு, உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுத்து, இடைக்காலமா வாங்கிக்கலாம். அங்கேயும் முதல் கேள்வி, "உங்களோடதுங்கிறதுக்கு ஆதாரம் எங்க?"ங்கிறதுதான்.

இன்னொண்ணு. மலிவாக் கிடைக்குதேன்னு பில் இல்லாத கலப்பையை வாங்காதீங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கினா பி.என்.எஸ். 317-ஆம் பிரிவுல அதுவும் குற்றம். வாங்க ஆள் இருக்கிறதாலதான் திருட்டும் நடக்குது.

உழவு சீசனுக்கு முன்னாடி அந்தப் பஞ்ச் வேலையை முடிச்சிடுங்க.