பாட்டி, ஒரு வீசைன்னா எவ்வளவு?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்னிக்கு முருங்கைக்காய் கிலோ கணக்கில்தான் கேரளாவுக்கு லாரி ஏறுது. ஆனா எண்பது வயசு தாண்டிய உங்க பாட்டிகிட்ட, ‘சின்ன வயசுல காய் எப்படி வாங்குனீங்க?’ன்னு கேட்டுப் பாருங்க. ‘வீசை, பலம், அணா’ன்னு பதில் வரும். நாட்டோட வரலாறு அங்கேதான் இருக்கு.

ஒரு வீசைக்கு 40 பலம், சுமார் 1.4 கிலோ. வடக்கே போனா சேர், மணங்கு. அந்தச் சேரும் ஊருக்கு ஊர் எடை மாறும். வியாபாரிக்குக் கணக்கு அத்துப்படி, விளைவிச்சவருக்குத் தெரியாது. நஷ்டம் யாருக்குன்னு சொல்லணுமா என்ன? நாடு முழுக்க ஒரே அளவுன்னு 1956-ல் சட்டம் வந்தது. கிலோ படிப்படியா சந்தைக்குள் நுழைந்தது.

காசும் மாறியது. 1957 ஏப்ரல் 1 முதல், 16 அணாவா இருந்த ரூபாய் 100 நயா பைசா ஆனது. அப்போ ஒரு அணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயமே கிடையாது! அந்தக் காலை விட்டுக்கொடுத்தது கடைக்காரரா, உங்க கொள்ளுப்பாட்டியா? பாடப்புத்தகத்தில் இதுக்குப் பதில் இல்லை. பாட்டிகிட்ட இருக்கலாம்.

கேட்கும்போது வருஷம் கேட்காதீங்க, குழம்பிடுவாங்க. ‘கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?’ன்னு கேளுங்க. பரணில் பழைய படியோ எடைக்கல்லோ கிடந்தா எடுத்துக் கையில கொடுங்க. போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, குறுக்கே பேசாம உட்காருங்க. அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப்போடாதீங்க.