பழைய பிக்கப் வண்டியில் ஸ்டீரிங் கோளாறா? டயரிலிருந்து பார்த்து வாருங்கள்

மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்கள் வண்டி கட்டும் முன் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்தார்கள். கடையாணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அச்சுக்கு மை போட்டார்கள். இன்று அதே குடும்பத்துப் பிள்ளைகள் பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் இரவோடு இரவாகப் போகிறார்கள். ஆனால் அந்தக் கடையாணி பார்க்கும் பழக்கம் மட்டும் வண்டியோடு வந்து சேரவில்லை.

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. 2005ல் டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் பெருகினர். இவர்களில் பலர் வாங்குவது பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய பழைய வண்டி. எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். ஸ்டீரிங் ஆடினால், “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று பழகிக்கொள்கிறார்கள். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஸ்டீரிங் கைவிட்டால் உயிர் போகும். ஆகவே இக்கட்டுரையில் ஸ்டீரிங் கோளாறுகளை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைக் காண்போம்.

வரிசை ஏன் முக்கியம்?

சில ஆண்டுகளுக்கு முன், கொடைக்கானல் மேல்மலையில் கேரட்டும் பூண்டும் பயிரிடும் விவசாயி ஒருவர் பயிற்சி முகாமுக்கு வந்திருந்தார். “ஐயா, வண்டி இடது பக்கமே இழுக்கிறது. மூன்று முறை அலைன்மெண்ட் பார்த்துவிட்டேன். ஸ்டீரிங் பெட்டியையும் பிரித்து மாட்டியாகிவிட்டது. டயரும் புதிது. பணம்தான் போகிறது” என்றார்.

வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்தோம். இடது பக்கம் 2 செ.மீ. குறைவாக இருந்தது. கீழே பார்த்தபோது, இடது முன் ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்திருந்தது. யூ போல்ட் நட்டுகளும் தளர்ந்திருந்தன. அதனால் முன் அச்சு அந்தப் பக்கம் பின்னோக்கி நகர்ந்துவிட்டது. அச்சே கோணலாக நிற்கும்போது எத்தனை முறை அலைன்மெண்ட் செய்து என்ன பயன்? ஒரு சென்டர் போல்ட்டும் இரண்டு யூ போல்ட்டுகளும் மாற்றியதில் வண்டி நேரானது. அந்த முறிந்த போல்ட்டுடன் அவர் பல வாரங்கள் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கியிருக்கிறார். பக்கத்தில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான்.

பெட்டியிலும் அலைன்மெண்டிலும் தொடங்கியதுதான் அவர் செய்த தவறு. இவை இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. டயர், பாரம், ஸ்பிரிங், மூட்டுகள், ஸ்டீரிங் பெட்டி, அலைன்மெண்ட் என்பதே சரியான வரிசை.

முதலில் டயர்

வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும், ஸ்டீரிங் கனமாக இருப்பதற்கும் மிகச் சாதாரணக் காரணம் காற்றுக் குறைவுதான். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டிக் கையேட்டில் கண்ட அளவுக்குப் பிடிக்க வேண்டும். பாரம் ஏற்றும்போது பின் டயருக்கு வேறு அளவு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

டயரின் தேய்மானமே பல சங்கதிகளைச் சொல்லிவிடும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் கோணத்தில் கோளாறு. உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம்போலக் கரகரப்பாகவும் இருந்தால் அலைன்மெண்ட் தவறியிருக்கிறது என்று பொருள்.

பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் டயரை மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று அறியலாம். பட்டன் இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயரை முன்பக்கம் போடக் கூடாது.

காற்று சரியாக இருந்தும் வண்டி இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரிலேதான். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் கோளாறு. ஸ்டீரிங்கைத் தொட வேண்டாம்.

நம் வயல்காட்டு வண்டிகளுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. சேற்றில் இறங்கி ஏறிய வண்டியின் ரிம்முக்கு உள்புறம் மண் அப்பிக் காய்ந்துவிடும். மறுநாள் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டீரிங் நடுங்கும். இதற்கு மருந்து ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குச்சியுந்தான்.

இரண்டாவது பாரம்

மாட்டு வண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். பிக்கப் வண்டியிலும் அதே கணக்குத்தான். பின் அச்சுக்கு அப்பால் பாரம் அதிகமானால் முன்பக்கம் தூக்கும். முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்காது. ஸ்டீரிங் லேசாகி, வண்டி சொன்ன சொல் கேட்காமல் அலையும். வாழைத்தார்களைப் பின்கதவுக்கு வெளியே நீட்டி அடுக்குவோர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கனமான மூட்டைகளை முன்னாலும் கீழேயும் வைத்து, கனமற்றவற்றைப் பின்னாலும் மேலேயும் வையுங்கள்.

பாரம் தாங்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் உயர்ந்து நிற்கும். முன்சக்கரத்தின் சாய்கோணம் மாறிவிடும். திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை குறையும். அனுமதித்த எடைக்குள் ஏற்றுவதே நல்லது.

மூன்றாவது ஸ்பிரிங்

சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டை ஏதேனும் உடைந்திருக்கிறதா, ஸ்பிரிங் முனையிலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டைகளுக்கிடையே துருத் தூள் செந்நிறமாக உதிர்ந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று அறியலாம். மேலே சொன்ன அளவு முறையில் இரு பக்கத்தையும் அளந்து பாருங்கள். கயிறு இழுபடும், ஆகவே டேப் அல்லது கம்பி கொண்டு அளக்க வேண்டும். ஸ்பிரிங் வேலை செய்த வண்டியில், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

உரமூட்டையும் ஈர எருவும் ஏற்றும் வண்டிகளில் சேசிஸ் விரைவில் துருப்பிடிக்கும். ஸ்பிரிங் தாங்கிகளும் ஸ்டீரிங் பெட்டியும் சேசிஸில் பொருந்தும் இடங்களில் வெடிப்பு உண்டா என்று தேய்த்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். உரம் ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுவது நல்ல பழக்கம்.

நான்காவது மூட்டுகள்

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட வேண்டும். மற்றவர் டை ராடு, டிராக் லிங்க் ஆகியவற்றின் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ராடு அசைந்து, அதை அடுத்த பாகம் சற்றுத் தாமதித்து அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ விடக் கூடாது. அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்கிவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு மூட்டையே சந்தேகிக்க வேண்டும்.

ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும் கோளாறு, இந்த மூட்டுகளில் ஒன்றிரண்டு சேர்ந்து தேய்வதால் வருவது. அப்போது பிரேக்கைத் திடீரென மிதிக்காமல், ஸ்டீரிங்கை உறுதியாகப் பிடித்து மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தேய்ந்த மூட்டை மாற்றத்தான் வேண்டும். சுத்தியால் தட்டி இறுக்குவது, ராடை வெல்டிங் செய்வது, ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் ஆணியை வளைத்துப் போடுவது எல்லாம் உயிரோடு விளையாடும் செயல்கள். அந்தச் சிறு பின்தான் இன்றைய கடையாணி.

ஸ்டீரிங் கனமாக இருந்தால், காற்றுக்கு அடுத்தபடி கிங் பின்னில் கிரீஸ் உண்டா என்று பாருங்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். நிப்பிளைத் துடைத்து, சக்கரத்தைத் தூக்கிய நிலையில், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். பவர் ஸ்டீரிங் வண்டியானால் எண்ணெய் மட்டத்தையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது ஸ்டீரிங் பெட்டி

மூட்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் மிஞ்சினால்தான் பெட்டியைப் பார்க்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீரிங் வளையத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பவர் ஸ்டீரிங் வண்டியில் எஞ்சின் ஓட வேண்டும். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை மெல்ல இரு பக்கமும் திருப்பி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கின்றன. 40 செ.மீ. குறுக்களவுள்ள வளையத்தில் இது ஏறத்தாழ 10 செ.மீ. நகர்வு. இது சட்டத்தின் உச்ச வரம்பு. நல்ல வண்டியில் இவ்வளவு இராது.

முதலில் பெட்டியைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பெட்டியிலுள்ள அட்ஜஸ்ட் ஸ்குரூவை ஓரளவுக்கு மேல் இறுக்க இடம் தரக் கூடாது. பெட்டியின் பல்சக்கரம் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் ஒடித்த ஸ்டீரிங் திரும்பி வராது.

கடைசியில் அலைன்மெண்ட்

முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறம் சில மி.மீ. நெருங்கி நிற்குமாறு பல வண்டிகளில் அமைத்திருப்பார்கள். இதை டோ இன் என்பர். மூட்டில் ஆட்டம் இருக்கும்போது இந்த அளவு நிலைக்காது. இன்று வைத்தது நாளை மாறும். ஆகவே மேற்கூறிய பழுதுகளை நீக்கிய பின்னரே அலைன்மெண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கி, தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

வாரந்தோறும் காற்று, வீல் நட்டு, ரிம் மண் ஆகியவற்றைக் கவனியுங்கள். மாதம் ஒரு முறை மூட்டுகளை விரல் வைத்துச் சோதித்து, யூ போல்ட்டைப் பார்த்து, கிரீஸ் அடியுங்கள். எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மட்டும் வண்டியைச் சரிசெய்தால் மற்ற 364 நாட்களுக்கு யார் பொறுப்பு?

மெக்கானிக்கிடம் “ஸ்டீரிங் சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போதும் இழுக்கிறதா, பிரேக்கில் மட்டுமா, எந்த வேகத்தில் நடுங்குகிறது, பாரத்திலா வெறும் வண்டியிலா என்று குறித்துச் சொல்லுங்கள். மாட்டுக்கு நோய் கண்டால் மருத்துவரிடம் எப்படி விவரம் சொல்கிறோமோ, அப்படித்தான்.

அறுவடைக் காலத்தில் கூலியாட்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். ஆடுகிற ஸ்டீரிங்கோடு அதைச் செய்வது பெரும் பாவமும் ஆகும். சந்தைக்குப் போன வண்டி வீடு திரும்ப வேண்டும் என்று வாசலில் ஒருவர் விழித்திருக்கிறார். புறப்படும் முன் ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள்.