பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல
(பழைய கார்களின் கிளட்ச் சிலிண்டர் பற்றிச் சில விவரங்கள்)

கடையில் இருக்கும் சரக்கைப் பற்றித் தெரிகிற அளவுக்கு, வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி வியாபாரிகளாகிய நமக்குத் தெரிவதில்லை. உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தால் அது நனைந்து காய்ந்த சரக்கா, நல்ல சரக்கா என்று சொல்லிவிடுவோம். கார் நின்றுவிட்டால் மட்டும் மெக்கானிக் சொல்வதே வேதம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சென்ற மாசி மாதம் பட்ட அனுபவத்துக்குப் பிறகு கொஞ்சம் தெரிந்துகொண்டோம். பழைய கார், வேன் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறோம்.

எங்களிடம் இருப்பது தகப்பனார் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வந்த காரை, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் இந்தப் பெயரில் தயாரித்தார்கள். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் ரோட்டில் ஓடிய காலம் அது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்கிற பானெட், நாலு கதவு வைத்த வகை (இது இந்தியாவில் மட்டுமே வந்தது) என்று அதற்குத் தனி அழகு உண்டு. 1970-களிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி போய்வர எங்களுக்கு இன்னும் அதுதான் வண்டி.

தை, மாசியில் பாசி, உளுந்து, வத்தல் வரத்து சேர்ந்து வரும். அந்த நேரம் பார்த்து கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம். கிளட்ச் பெடலை நாலு தடவை மிதித்தால் ஒரு தடவை கியர் விழும். ஒரு பட்டறையில் காட்டினோம். "பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். நாலு நாள் வேலை, ஐந்து இலக்கத்தில் செலவு. வரத்துக் காலத்தில் நாலு நாள் காரை விடமுடியாது என்று நாங்கள் தயங்கவே, கீழ் சிலிண்டரில் வாஷர் மட்டும் மாற்றித் தந்தார்கள். பன்னிரண்டாம் நாள், கோவில்பட்டிக்குள் நுழையும் நேரம், மிதித்த பெடல் மேலே வரவே இல்லை.

இந்த இடத்தில் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. மாருதி 800 போன்ற கார்களில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருப்பது ஒரு கேபிள், அறுந்தால் மாற்றிவிடலாம். ஹெரால்டு, டாடா சுமோ, பொலிரோ முதலியவற்றில் கேபிள் கிடையாது. திரவம்தான் வேலை செய்கிறது. பெடலுக்கு மேலே இருப்பது மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் முன்கூட்டில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். பட்டறையில் கீழ் சிலிண்டர் என்பார்கள். பெடலை மிதித்தால் மேலே உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். திரவம் குழாய் வழியாக வந்து கீழ்ப் பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு கம்பியைத் தள்ள, கிளட்ச் பிரியும். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்று பிரான்சு நாட்டு பாஸ்கல் சொன்ன விதி இதுவே. கீழ்ப் பிஸ்டன் நகரும் தூரம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. ஆகவே கொஞ்சம் திரவம் கசிந்தாலும், உள்ளே கொஞ்சம் காற்று புகுந்தாலும், அந்த அற்ப தூரத்தில் பெரும்பகுதி போய்விடும். கிளட்ச் பாதியில் நிற்கும். இத்தனையையும் தாங்கி நிற்பது ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கொஞ்சம் குறைந்த அளவுள்ள ரப்பர் வாஷர்.

இதைத் தெரிந்துகொண்டால் பிளேட் தேய்மானத்தையும் சிலிண்டர் கோளாறையும் பிரித்துவிடலாம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பிளேட். கியர் விழவில்லை, பெடலைத் தொடர்ந்து மிதித்தால் கொஞ்சம் சரியாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலிண்டர். மேலே உள்ள டப்பாவில் திரவம் குறைந்திருக்கிறதா, பெடலுக்கு அடியில் மிதியடி நனைந்திருக்கிறதா, கீழ் சிலிண்டரின் தூசி உறையைத் தூக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் சம்மதம் சொல்லவேண்டாம்.

எங்கள் காரைக் கடைசியில் பார்த்தவர் கோவில்பட்டியில் ஒரு வயதான மெக்கானிக். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. டப்பா மூடியைத் திறந்து விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதில் நாலு சொட்டு விட்டார். சொட்டு கரையாமல் பளபளவென்று மேலே மிதந்தது.

"அண்ணாச்சி, இதுல எஞ்சின் ஆயில் ஊத்துனது யாரு?"

கடைப் பையன்தான். 'கிளட்ச் ஆயில் குறைஞ்சிருக்கு' என்று நாங்கள் சொன்னோம். ஷெட்டில் 'ஆயில்' என்று இருந்த டப்பாவை எடுத்து அவன் ஊற்றியிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை, பெயர் அப்படி. எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் இனமே அல்ல. கிளைகால் என்னும் வகை திரவம், தண்ணீரில் கரையும். அந்தத் திரவத்துக்கென்று செய்த ரப்பரில் எஞ்சின் ஆயிலோ, கிரீஸோ, டீசலோ பட்டால் ஊறிய கடலை மாதிரி உப்பிவிடும். உப்பிய வாஷர் சிலிண்டருக்குள் இறுகும், பெடல் திரும்பாது. பிறகு மென்மையாகிப் பிய்ந்து கசியும். முதலில் கீழ் வாஷரை மட்டும் மாற்றியது பன்னிரண்டு நாளில் வீணானதற்குக் காரணம், மேல் சிலிண்டரிலும் குழாயிலும் அந்த எண்ணெய் அப்படியே இருந்ததுதான்.

ஹெரால்டில் கிளட்ச் டப்பாவும் பிரேக் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருக்கும். பையன் கை ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கிளட்ச் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால் நிற்காது.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஹெரால்டில் முன்சீட்டைக் கழற்றி, நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் அட்டையை எடுத்தால் காருக்குள் இருந்தே கீழ் சிலிண்டரை எட்டலாம். குழாயையும் போல்ட்டையும் கழற்றினால் சிலிண்டர் கையோடு வரும். சிலிண்டர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. பிஸ்டன் தெறித்து விழும். கழற்றியதை ஸ்பிரிட்டாலோ புதிய பிரேக் ஆயிலாலோதான் கழுவவேண்டும். பட்டறைப் பழக்கத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெயில் முக்கினால் புது வாஷரும் கெட்டது. உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும். நகம் தட்டினால் துருக் குழி இருக்கிறது. எத்தனை வாஷர் போட்டாலும் கசியும். லேத்தில் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ உள்குழல் அடிக்கவேண்டும், அல்லது முழு சிலிண்டரையே மாற்றவேண்டும். எங்களுக்குக் கீழ் சிலிண்டர் முழுதும் மாறியது. மேலதில் வாஷர் செட். வளையும் ரப்பர் குழாயும் புதிது. இரும்புக் குழாயை ஸ்பிரிட் விட்டு அலசினார்கள். கடைசியாக ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தார்கள். இதில் மேல் டப்பா காலியாக விடக்கூடாது. விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வெளியே வந்த திரவத்தைத் திரும்ப ஊற்றுவதும் கூடாது. வேலை ஒரே நாளில் முடிந்தது. பிளேட்டைத் தொடவே இல்லை.

இனி நம் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி: சாமான் வாங்குவது. ஹெரால்டு சாமானுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைகிறவர்கள் உண்டு. 'ஒரிஜினல் பழைய ஸ்டாக், கம்பெனி அட்டை உடையாதது' என்று ஒரு கடையில் எங்களுக்கு ஒரு வாஷர் செட் கொடுத்தார்கள், விலையும் அதற்கேற்ப. கொண்டுவந்து வளைத்துப் பார்த்தால் ஓரம் வெடித்திருந்தது. இரும்புச் சாமானுக்குப் பழைய ஸ்டாக் பெருமை. ரப்பர் அப்படியல்ல, உபயோகிக்காமல் அலமாரியில் இருந்தாலும் அதற்கு வயதாகும். புழுங்கலரிசி பழசானால் விலை கூடும், கடலை எண்ணெய் பழசானால் சிக்கு வாடை வரும். ரப்பர் இரண்டாவது ரகம். அட்டையில் தயாரிப்புத் தேதியைப் பார்த்தே வாங்கவேண்டும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பழைய வாஷரைக் கொண்டுபோய், 'இதே மாதிரி கொடுங்கள்' என்போம். உப்பிய வாஷர் சரியான அளவைக் காட்டாது. சிலிண்டரைக் கொண்டுபோய் உள்விட்டத்தை அளக்கச் சொல்லவேண்டும். இங்கிலாந்து ஹெரால்டில் இருந்தவை கர்லிங் கம்பெனி சிலிண்டர்கள். அங்கே இந்தக் காரைப் பேணுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் சிலிண்டர்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். தருவித்தால் நாள் ஆகும், ஆனாலும் கிடைக்கிறது.

திரவத்துக்கு வருவோம். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும். புதிதாக இருக்கையில் டாட் 3 குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடிலும், டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஆனால் இது காற்றில் உள்ள ஈரத்தை வெல்லம்போல் இழுக்கும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். சிலிண்டர் சுவரும் துருப்பிடிக்கும். ஆகவே வருஷக் கணக்கில் ஷெட்டில் திறந்து கிடந்த அரை டப்பாவை 'வீணாக்குவானேன்' என்று ஊற்றுவது சிக்கனம் ஆகாது. சிறிய டப்பாவாக, சீல் உடையாததாக வாங்கவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றிவிடுவது நல்ல பழக்கம். டாட் 5 என்பது சிலிகான் வகை. இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3, டாட் 4 திரவம் காரின் பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும்; உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

இந்த வருஷம் பங்குனியில் எங்கள் ஷெட்டை ஒழுங்கு பண்ணினோம். எஞ்சின் ஆயில் கீழ்த்தட்டில். பிரேக் திரவம் மேலே பூட்டுள்ள அலமாரியில். டப்பாவில் பையனே பெயிண்டால் எழுதியிருக்கிறான்: 'ஆயில் இல்லை. அண்ணாச்சியைக் கேட்டு ஊற்றவும்.'