கணைய ஆபரேஷனுக்குப் பிறகு…

கணையப் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னதும், குடும்பத்தில் யாராவது ஒருவர் அவரை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்பார்: "இன்னும் எத்தனை வருஷம், சார்?" அன்றைக்கு எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாதி பதில், சில நாள் கழித்து வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் புற்று அணுக்கள் மிச்சமா, நிணநீர் முடிச்சுகளில் எத்தனைக்குப் பரவியிருக்கிறது என்ற இரண்டு வரிகளைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.

மீதி பதில் கீமோவில். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஓர் ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 5 ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 10 சதவீதம். ஜெம்சிடபின் மருந்தும் ஏற்றிக்கொண்டவர்களில் 20 சதவீதம். 2018-ல் வெளியான பிரான்ஸ் - கனடா ஆய்வில், நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் 54 மாதங்களைக் கடந்தார்கள். பின்னர் வெளியான அதன் தொடர் முடிவுகளில், 5 ஆண்டு தாண்டியவர்கள் 43 சதவீதம். ஆனால், ஆபரேஷனிலிருந்து நன்றாகத் தேறி, கடுமையான கீமோவைத் தாங்கக்கூடியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நோய் தெரியவரும்போதே ஆபரேஷன் செய்யும் நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 15, 20 பேர்தான். கணையத்தின் தலையில் வந்த கட்டி பித்தக்குழாயை அடைத்து, காமாலையாகக் காட்டிக்கொடுத்ததால் பிழைத்தவர்கள் உண்டு. அந்தக் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தே வாரக்கணக்கில் கடத்துகிறவர்களும் உண்டு!

கணையத்தின் தலையை வெட்டி எடுக்கும் விப்பிள் ஆபரேஷனே முன்பு பயங்கரம். 1970-களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பிழைக்கவில்லை. இன்று அதிகம் செய்து பழகிய ஆஸ்பத்திரிகளில் இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. "வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்கவே கூடாது.

ஸ்டீவ் ஜாப்ஸை இங்கே உதாரணம் காட்டுவது தப்பு. அவருக்கு வந்தது பெரும்பாலும் மெதுவாக வளரும் வேறு வகை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2009-ல் கணைய ஆபரேஷன் செய்துகொண்டார். 2020 வரை வாழ்ந்தார். ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அதைத் தாண்டத் தாண்ட வாய்ப்பு கூடும்.

வீட்டில் கவனிக்காமல் விடுவது சாப்பாட்டை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், உடம்பு இளைத்தால், உடனே "புற்று திரும்பிடுச்சு" என்று பதறுகிறார்கள். பல நேரம் செரிமான நொதி போதாததுதான் காரணம். கஞ்சியோடு நிறுத்திப் பட்டினி போட்டால் நோயாளி இன்னும் இளைப்பார், கீமோவும் பாதியில் நிற்கும். நொதி மாத்திரை வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். கைகழுவிய பிறகு போட்டால் பலன் குறைவு.