வண்டுக்கு மனம் உண்டா?

பவேரிய மன்னரின் ஆணைப்படி பிரேசிலுக்குப் போன விலங்கியலாளர் ஸ்பிக்ஸும் தாவரவியலாளர் மார்ட்டியஸும் மூன்றாண்டு காடு மேடெல்லாம் சுற்றிவிட்டு 1820 டிசம்பரில் மியூனிக் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் பூச்சி இனங்களே சுமார் 2,700. குரங்குகளையும் பறவைகளையும் பற்றி ஸ்பிக்ஸ் உடனே எழுதி வெளியிட்டார். பூச்சிகளின் முறை வருவதற்குள், 1826இல், அவர் இறந்துபோனார்.

அந்தப் பெட்டிகள் கடைசியில் மாக்சிமிலியன் பெர்ட்டி என்ற இளைஞரிடம் வந்தன. 1804இல் ஆர்ன்பாவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். வண்டுகளும் சிலந்திகளும் அடங்கிய அந்தக் குவியலிலிருந்து புதியவற்றைப் பிரித்து, பெயர் சூட்டி, வண்ணப்படங்களோடு லத்தீனில் அவர் எழுதிய நூல் 1830 முதல் 1834 வரை பகுதி பகுதியாக வந்தது. நடுவே 1831இல் கிழக்கிந்தியப் பகுதி வண்டுகளைப் பற்றியும் ஒரு சிறுநூல் எழுதினார். இந்த வேலையில் வண்டு என்பது ஊசியில் கோத்த உடல்தான். காலில் எத்தனை கணு, முன்னிறகில் எத்தனை வரி என்று எண்ணி எழுத வேண்டும். உயிரோடு அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

1833இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் பேராசிரியராகப் போனவர், 1884இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1852இல் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி ஒரு பெரிய நூல். பாரமீசியம் முதலான உயிர்களின் கூட்டத்துக்கு சிலியேட்டா என்ற பெயர் அவர் தந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் விலங்கியல் வரலாற்றில் மதிப்பான ஓரிடம் அவருக்கு உறுதி. அவர் நிற்கவில்லை. 1865இல் விலங்குகளின் மனவாழ்வைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். விலங்கு உணர்கிறது, நினைவில் வைக்கிறது, ஒருவகையில் சிந்திக்கவும் செய்கிறது என்பது அதன் வாதம்.

அந்த நாளில் இது அறிஞர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயமாக இருக்கவில்லை. ஜெர்மனியின் முதல் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் 1837இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மியூனிக்கிலும், பிறகு பெர்னிலும் சங்கங்கள் வந்தன. ஆனால் மிருகவதை ஏன் தவறு? மிருகத்தை அடிப்பவன் நாளை மனிதனையும் அடிப்பான் என்பது ஒரு பதில். தத்துவஞானி காண்ட் சொன்னது. மிருகத்துக்கு வலிக்கிறது என்பது இன்னொன்று. 1871 ஜெர்மன் குற்றவியல் சட்டம் முதல் பதிலின் பக்கம்தான் சாய்ந்தது. பொது இடத்திலோ, பார்ப்பவர் மனம் புண்படும்படியோ வதைத்தால் மட்டுமே தண்டனை. கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் குற்றமில்லை! இரண்டாவது பதில் நிலைக்க வேண்டுமானால் விலங்குக்கு உள்ளே ஏதோ நிகழ்கிறது என்று காட்டியாக வேண்டும். பெர்ட்டி கையில் எடுத்தது அந்த வேலை.

காட்டுவதற்கு அந்த நூற்றாண்டிடம் இருந்தவை பெரும்பாலும் கதைகள். புதைவண்டின் கதை மிகப் பிரபலம். செத்த எலி, குருவியின் அடியில் மண்ணைப் பறித்து உடலைப் புதைத்து, அதைக்கொண்டு தன் புழுக்களை வளர்க்கும் வண்டு இது. தாயும் தந்தையும் இரையைச் செரித்துக் கக்கிப் புழுக்களுக்கு ஊட்டும். உணவுக்கு மேல் புழுக்கள் பெருகிவிட்டால் சிலவற்றைத் தின்றும் விடும். பெர்லினில் கிளேடிட்ஷ் என்பவர் நான்கு வண்டுகளுக்குச் செத்த உடல்களைக் கொடுத்துப் பார்த்தபோது, 50 நாளில் தவளை, பறவை, மீன் என ஒரு டஜன் உடல்களைப் புதைத்துவிட்டனவாம். அவர் 1752இல் எழுதிய இன்னொரு செய்திதான் புத்தகம் புத்தகமாகப் பரவியது. காய்வதற்காக ஒரு தேரையைக் குச்சி நுனியில் குத்தி வைத்திருந்தார்கள். வண்டுகள் குச்சியின் அடியைத் தோண்டிச் சாய்த்துத் தேரையைக் குச்சியோடு புதைத்தன. காரணம் அறிந்து செயல்படும் வண்டு!

பிரான்சில் பூச்சியியலாளர் ஃபாபர் இதைச் செய்தே பார்த்தார். குச்சியின் அடியில் உடல் தரையைத் தொடும்படி தொங்கினால் வண்டுகள் அங்கே தோண்டின, குச்சி விழுந்தது. குச்சியின் அடியை விட்டு உடலைச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டதும் அவை உடலின் கீழேயே தோண்டின. குச்சியின் அடியைச் சீண்டவே இல்லை. அறிவு என்று கொண்டாடியது, பிணம் தொடும் இடத்தைப் பறிக்கும் பழக்கம்தான்.

பெர்ட்டியின் பெயரைக் கெடுத்தது இதைவிட வேறொன்று. 1861 முதலே அவர் மனிதனின் அமானுஷ்ய அனுபவங்களைப் பற்றித் தடித்தடியாக எழுதிவந்தார். ஆவிகளின் பக்கம் போன இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அவரைச் சாட்சிக்கு இழுத்தார். பேயை நம்பும் பேராசிரியர் வண்டின் மனத்தைப் பற்றிச் சொன்னால் ஆய்வுக்கூடத்தில் யார் கேட்பார்கள்? கேட்காததில் நியாயமும் உண்டு. ஆனால் ஆவியோடு சேர்த்து விலங்கின் மனத்தையும் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தள்ளி வைத்தது அவசரத் தீர்ப்பு.

இன்று அதே கேள்வி கவனமான சோதனைகளோடு திரும்பியிருக்கிறது. லண்டனில் பணியாற்றும் ஜெர்மானியர் லார்ஸ் சிட்காவின் குழு, 2022இல் 45 பம்பிள் தேனீக்களுக்கு முன் சிறு மரப்பந்துகளை வைத்தது. உருட்டினால் தேனோ சர்க்கரையோ கிடையாது. ஆனாலும் உருட்டின, ஒரு தேனீ 117 முறை. இதை விளையாட்டு என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. தகுந்த காரணமின்றி எந்த விலங்கையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது 1972இன் ஜெர்மன் சட்டம்; பூச்சியும் அதில் அடக்கம். ஆனால் ஆய்வுக்கூட விலங்குகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 நெறிமுறை முதுகெலும்புள்ளவற்றையும் ஆக்டோபஸ், கணவாய் இனங்களையும் மட்டுமே காக்கிறது. வண்டுகள் அந்தப் பட்டியலில் இல்லை.